தடை வேண்டாம், கூடாரம் அடிக்க ஓர் இடம் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை வாசகர் பக்கத்தில், நிலாவெளியிலிருந்து புல்மோட்டை வரையான கரையில் சனி, ஞாயிறுகளில் கூடாரம் அடித்துத் தங்கும் சோடிகளைப் பற்றி ஒரு பெரியவர் எழுதியிருந்தார். கரையெல்லாம் குப்பை, சாமம் சாமமாகப் பாட்டுச் சத்தம், பண்பாடு கெட்டுப்போகிறது, ஆகவே கடற்கரையிலும் காட்டோரத்திலும் இரவில் தங்குவதையே அடியோடு தடைசெய்ய வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. குப்பையைப் பற்றி அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை. தடைசெய்யச் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவர் குறிப்பிட்ட அந்தச் சோடிகளில் நானும் என் கணவரும் அடக்கம். அதனால் பதில் எழுத எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் ஓர் அலுவலகத்தில் படவரைஞர். நாள் முழுக்கக் காணி எல்லையும் குளக்கட்டும் வண்டிப்பாதையும் கண்முன்னே கோடுகளாகக் கிடக்க வேலை செய்பவள். கணவர் திருக்கடலூரில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துகிறவர். படகுகள் கரைக்கு வருகிற விடியற்புறத்திலேயே அவருக்கு வேலை தொடங்கிவிடும். நான் அலுவலகம் விட்டு வரும்போது அவர் நித்திரையாக இருப்பார். கரண்ட் பில் கட்டியாச்சா, காஸ் முடியப்போகுதா என்பதற்கு மேல் கிழமை நாட்களில் எங்களுக்குள் பெரிய கதை இருப்பதில்லை. சனிக்கிழமை பகல் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினால் ஞாயிறு பின்னேரம்தான் வீடு. பௌர்ணமி லீவு வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் இன்னும் ஒரு நாள். பங்குனி கடைசியில் தரை காய்ந்ததிலிருந்து புரட்டாதி வரை எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே நடப்போம். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் கூடாரம் அலுமாரிக்கு மேலே போய்விடும்.

பிள்ளைகள் இல்லாததால்தான் இப்படிக் காடு கரை சுற்றுகிறார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது எங்கள் காதுக்கும் வந்திருக்கிறது. பிள்ளைகள் இருந்திருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போயிருப்போம் என்பதே அதற்கு எங்கள் பதில்.

பெரியவர் எங்கள் வயதுக்காரரைப் பற்றி ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். நாங்கள் பிறந்து வளர்ந்த காலத்தில் இந்த மாவட்டத்தின் காடும் கரையும் எங்களுக்கு இல்லை. பொழுதுபட்டால் வீதியில் ஆள் நடமாட்டம் இருக்காது. ஒற்றையடிப் பாதையை விட்டு ஒரு அடி விலகிக் கால் வைக்காதே என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள், ஏனென்றால் மண்ணுக்குள் என்ன புதைந்து கிடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. திரியாய், தென்னமரவடி, சம்பூர் எல்லாம் எனக்கு வெறும் ஊர்ப் பெயர்களாகத்தான் இருந்தன. வேலைக்குச் சேர்ந்த பிறகு அவற்றை வரைபடத்தில் பார்த்தேன். 2009இல் யுத்தம் முடிந்த பிறகுதான் அந்தக் கோடுகளின் மேல் காலால் நடந்தேன். வரைபடத்தில் மெல்லிய நீலக் கோடாக இருந்த ஓர் ஆறு, கச்சான் காற்று வீசுகிற வெயில் காலத்தில் வெறும் வெள்ளை மணலாகக் கிடப்பதையும், அந்த மணலைக் கையால் தோண்டினால் ஒரு முழத்துக்குள் தண்ணீர் ஊறுவதையும் என் கணவர் எனக்குக் காட்டினார். தண்ணீர் ஊறிய அந்தக் குழியைச் சுற்றி விடியும்போது மான் குளம்பு பதிந்திருந்தது. நாங்கள் தோண்டிய குழியில் இரவு அவையும் குடித்துவிட்டுப் போயிருக்கின்றன. முப்பது வருடம் கழித்துக் கிடைத்த இதைத்தான் இன்றைக்குத் தடைபோட்டு மூடச் சொல்கிறார்கள்.

பண்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வரிதான் என்னை மிகவும் புண்படுத்தியது. ஆணும் பெண்ணும் வீடு வாசல் விட்டு வெட்டவெளியில் படுப்பது நமக்குப் புதிது என்று அவர் எழுதியிருக்கிறார். கதிர்காமப் பாதயாத்திரை வருடாவருடம் நமது ஊர் வழியாகத்தானே போகிறது. செல்வச்சந்நிதியில் வேல் எடுத்துப் புறப்படுகிறவர்கள் முல்லைத்தீவு, புல்மோட்டை தாண்டி இதே குச்சவெளி வீதியால் திருகோணமலைக்கு வந்து, மூதூர், வெருகல், வாகரை என்று கிழக்குக் கரையைப் பிடித்து உகந்தை வரை நடக்கிறார்கள். அதற்கப்பால் குமண காட்டுக்குள்ளும் யால காட்டுக்குள்ளும் புருஷன் பெண்சாதியாக, குடும்பம் குடும்பமாக, மரத்தடியிலும் ஆற்று மணலிலும் படுத்தெழும்பிப் போகிறார்கள். என் அம்மம்மாவும் தாத்தாவும் அப்படிப் போனவர்கள். வெருகல் சித்திரவேலாயுதர் கோயில் வீதியில் மணலைக் கூட்டித் தலையணையாக்கிப் படுத்ததையும், இரவு ஆற்றில் முதலை இருக்கிறது, தண்ணீருக்கு இறங்காதே என்று யாரோ கூப்பிட்டுச் சொன்னதையும் அம்மம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா. எந்த ஊரிலும் அவர்களை எழுப்பி நீங்கள் புருஷன் பெண்சாதியா என்று ஒருவரும் கேட்கவில்லை. மோரும் கஞ்சியும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

சிவனொளிபாதமலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2,243 மீற்றர் உயரம். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை நல்லதண்ணிப் பக்கத்தால் இரவிரவாகச் சனம் ஏறும். இளம் சோடிகள், கைக்குழந்தைக்காரர், எண்பது வயதுக் கிழவிகள், எல்லோரும் ஒரே படியில். வழி நெடுக வெளிச்சம், தேத்தண்ணீர்க் கடை, கால் நீட்டி இருக்க அம்பலம். நாங்கள் ஏறிய இரவில் முழங்கால் நடுங்கி ஒரு கடை வாங்கிலில் நான் இருந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு சிங்களத் தாய் ஒரு சொல்லும் கேட்காமல் என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துச் சித்தாலேப பூசிவிட்டா. நடை, மலை, இரவு, கணவன், மனைவி எல்லாம் அங்கேயும் இருக்கின்றன. அங்கே ஏற்பாடு இருக்கிறது, நமது கரையில் ஒரு ஏற்பாடும் இல்லை. இவ்வளவுதான் வித்தியாசம்.

ஏற்பாடு இல்லாததன் துன்பம் பெண்களுக்குத்தான் கூட. ஒரு கடற்கரையில் நடுச்சாமம் கூடாரத்தின் மேல் ரோச் லைட் அடித்து எங்களை எழுப்பினார்கள். வந்தவர்கள் சீருடைக்காரர் இல்லை, அந்தப் பக்கத்துப் பொடியன்கள் நாலைந்து பேர். என் அடையாள அட்டையைக் கேட்டார்கள், பிறகு விவாகப் பதிவைக் கேட்டார்கள். இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, முழுக்க என்னிடமே. என் தம்பியை விட வயது குறைந்த ஒருவன் என் முகத்தில் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டான். அன்றிலிருந்து எங்கள் விவாகப் பதிவின் போட்டோப் பிரதி ஒன்றை நெருப்புப் பெட்டியோடும் மருந்தோடும் சேர்த்துத் தண்ணீர் புகாத உறையில் வைத்துக்கொண்டுதான் வெளிக்கிடுகிறேன். திருமணமாகிப் பல வருடமான ஒரு பெண், தன் சொந்த மாவட்டத்தில், தன் கணவனோடு ஓர் இரவு தங்க இந்தக் கடதாசியைக் காவித் திரிய வேண்டுமா? பதிவுப் புத்தகம் ஒன்று வைத்து, அடையாள அட்டை பார்த்து, கையெழுத்து வாங்கி உள்ளே விடுகிற இடம் ஒன்று இருந்தால் இந்தக் கேள்விக்கு அங்கேயே முடிவு. மலசலகூடம் இல்லாத கரையில் பெண்கள் படும் பாட்டை நான் விவரிக்கத் தேவையில்லை. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிற பெண்களை நான் அறிவேன். கச்சான் அடிக்கிற வெயிலில் நடந்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது எவ்வளவு ஆபத்தானது!

எங்கள் வழக்கம் என்னவென்றால், கேட்காமல் எங்கும் கூடாரம் அடிப்பதில்லை. வன பரிபாலனத் திணைக்களத்தின் ஒதுக்குக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகக்கூடாது. புறாமலைத் தேசிய பூங்காவில் பகலில் போய்ப் பார்த்துவிட்டு மாலைக்கு முன் திரும்பிவிட வேண்டும். திரியாய் மலை தொல்பொருள் இடம், கல்லுப்படியால் ஏறி, காட்டையும் கடலையும் ஒருமிக்கப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவோம். ஆகவே இரவுக்கு மிஞ்சுவது யாராவது ஒருவருடைய காணிதான். மாட்டுப் பட்டியோரம், தென்னந்தோட்டம், சேனைக் காவற்குடிலுக்குப் பக்கம். போய்ப் படலையில் நின்று கேட்டால் இதுவரை மறுத்தவர்கள் மிகக் குறைவு. தேத்தண்ணீர் தராமல் விட்டவர்கள் அதைவிடக் குறைவு.

குச்சவெளிக்கு மேற்கே, ஒரு சின்னக் குளத்துப் பக்கம் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். இடம் நல்ல வெளி, புல்லுத் தரை, குளத்துக் காற்று. நாங்கள் பைகளை இறக்கிவிட்டோம். மாட்டை வளைத்துக்கொண்டு வந்த ஒரு முஸ்லிம் பெரியவர் நின்று பார்த்துவிட்டு, "மகள், இதுல படுக்க வேணாம், இது யானை தண்ணிக்கு இறங்குற வழி" என்றார். எங்களுக்கு அதில் வழி என்று ஒன்றும் தெரியவில்லை. அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்ற பாலைமரத்தைக் காட்டினார். அடிமரத்தில் சேறு அப்பிக் காய்ந்திருந்தது. என் கணவர் கையை உயர்த்தி எட்டிப் பார்த்தார், அந்தச் சேறு அவர் விரல் நுனிக்கும் மேலே இருந்தது. குளித்துவிட்டு ஏறிய யானை முதுகைத் தேய்த்த அடையாளம். சேற்றுக்குள் தடித்த கறுப்பு மயிர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் அதை நகத்தால் கிளப்பி என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு குனிந்து காட்டிய இடத்தில்தான் தரை எனக்கு விளங்கியது. புல்லு ஒரு வரிசைக்குத் தாழ்ந்து, கல்லில்லாமல், மெழுகிய திண்ணைபோலக் கிடந்தது. பாலைப்பழக் காலத்தில் கரடியும் வரும், மரத்தடியில் இருக்காதீர்கள் என்றும் சொன்னார். அன்றிரவு அவருடைய பட்டிக்குப் பக்கத்தில் தங்கினோம். யானை இறங்கியது. பார்க்கவில்லை, கேட்டோம். மாடுகள் எல்லாம் ஒருமிக்க எழும்பி நின்றுவிட்டன. அவர் எழும்பி ஒரு பந்தத்தைக் கொளுத்தி வைத்துவிட்டு, திரும்பவும் படுத்துக் குறட்டை விட்டார். காலையில் எங்கள் கையில் ஒரு சட்டித் தயிரைத் தந்து காசு வாங்க மறுத்தார்.

அந்தப் பெரியவரிடம் இருக்கிற அறிவு எந்தத் திணைக்களத்தின் வரைபடத்திலும் இல்லை, படவரைஞராக இதைச் சொல்கிறேன். யானைப் பாதையில் தெரியாமல் கூடாரம் அடிக்கிற கொழும்புப் பொடியனை யார் தடுப்பது? தடைச் சட்டம் போட்டால் அவன் மறைந்து போய் அடிப்பான், அப்போது பெரியவரிடம் கேட்கக்கூட மாட்டான். உரிய இடம் ஒன்று இருந்தால் அங்கே வந்து பெயரைப் பதிவான்.

என் கணவரைப் பற்றியும் ஒன்று எழுத அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். 2004 மார்கழி 26ஆம் திகதி வந்த சுனாமிக்குப் பிறகு பல வருடம் இவர் இரவில் கடற்கரையில் நின்றதில்லை. தொழில் கடற்கரையில்தான். பகலில் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவார், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பொழுதுபட முன் வீதிக்கு இந்தப் பக்கம் வந்துவிடுவார். முதன்முதல் கரையில் தங்கலாம் என்று அவரேதான் கேட்டார், நான் கேட்கவில்லை. போன இடத்தில் கூடாரத்தை அவிழ்க்க முன், வெளிச்சம் இருக்கும்போதே மேட்டுக்குப் போகிற வழியை என்னையும் கூட்டிக்கொண்டு நடந்து காட்டினார். எந்த வேலியைத் தாண்ட வேண்டும், எங்கே முள், எத்தனை நிமிடம். இன்றைக்கும் எந்தக் கரையில் தங்கினாலும் முதல் வேலை அதுதான். அன்றிரவு அவர் நித்திரை கொள்ளவில்லை, நானும் கொள்ளவில்லை. அதுவரை சொல்லாத பெயர்களை எல்லாம் விடிய விடியச் சொன்னார். வீட்டில், நாலு சுவருக்குள், லைட் எரிய, அந்தக் கதை வந்தே இருக்காது. "பண்பாடு கெட்டுப்போகிறது" என்று எழுதிய பெரியவருக்கு, அந்தக் கூடாரங்களுக்குள் இப்படியும் கதைகள் நடக்கின்றன என்று நான் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கூடாரம் ஆபத்தானது என்றும் எழுதியிருந்தார். நமது பக்கத்துக் கட்டுவிரியன் பெரும்பாலும் தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைத்தான் இரவில் கடிக்கிறது. கடித்த இடம் நோகாது, வீங்காது, ஆள் எழும்பாமலே போய்விடக்கூடும். அடித்துணியும் சிப்பும் உள்ள கூடாரத்தை இழுத்துப் பூட்டிவிட்டுப் படுப்பது வெறும் பாயை விடப் பாதுகாப்பு. சந்தேகமாக ஒரு கீறல் பட்டாலும் விஷகடி வைத்தியம் தேடி அலையாமல் 1990க்கு அழைத்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கச்சான் காற்றுக்குக் கூடார ஆணி மணலில் நிற்காது என்பதும் உண்மைதான். அதற்கு என் கணவர் வள்ளக்காரர் வழியைச் செய்வார். முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, கயிற்றை ஒரு தடியின் நடுவில் கட்டி, அதைக் குறுக்காகப் புதைத்து மிதித்துவிடுவார். எவ்வளவு காற்றுக்கும் அது இழுபடாது. இவற்றை எல்லாம் சொல்லிக்கொடுக்க ஓரிடம் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இனிக் குப்பை. இதில் பெரியவர் பக்கம்தான் நான். அரிசிமலைக் கரையை முதலில் பார்த்தபோது மணலை அள்ளிப் பார்த்து நம்ப முடியாமல் நின்றேன், அவ்வளவு வடிவாக, பெயருக்கு ஏற்ற அரிசி மணல். அடுத்த முறை போனபோது அந்த மணலுக்குள் பியர்ப் போத்தல் உடைந்து கிடந்தது. அரிசி நிற மணலில் கண்ணாடித் துண்டு கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். கோழி வாட்டின கரியும் அலுமினியத் தாளும் ஒரு மரத்தின் வேரடியில் கொட்டியிருந்தது. வேர் கருகியிருந்தது. நாங்கள் போகும் இடமெல்லாம் ஓர் உரப்பையோடு போய், நிரப்பிக்கொண்டுதான் வருவோம். சாப்பாட்டைத் தாமரை இலையில் கட்டுவது அதனால்தான். பகல் வைத்த குத்தரிசிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் தாமரை இலையில் இரவுவரை பழுதாகாது, இலையை மாட்டுக்குப் போட்டுவிடலாம்.

ஆனால் தடை குப்பையை நிறுத்துமா? பொலித்தீன் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் 2017ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டவை. பிளாஸ்ரிக் உறிஞ்சுகுழல், தட்டு, கரண்டி, முள்ளுக்கரண்டி எல்லாம் 2023 ஒக்டோபரிலிருந்து தடை. எங்கள் உரப்பையில் நிறைவது பெரும்பாலும் இவைதான். தடைதான் மருந்து என்றால் இந்தக் கரை எப்போதோ சுத்தமாகியிருக்க வேண்டும். ஹோட்டன் சமவெளி வாசலில் என்ன செய்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். பையைத் திறக்கச் சொல்லிப் பொலித்தீன் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கிற லேபலைக்கூட உரித்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். எத்தனை ஆயிரம் பேர் போய்வருகிற உலக முடிவுப் பாதையில் அந்த ஒரு வாசலால்தான் குப்பை குறைந்திருக்கிறது. வாசல் என்று ஒன்று இருந்தால்தான் வாசலில் ஆள் நிறுத்த முடியும். நீளக் கரை முழுவதற்கும் யார் காவல் நிற்பது?

நெருப்பைப் பற்றி இன்னும் கடுமையாகவே சொல்வேன். கச்சான் காலத்தில் காய்ந்த இலுக்குப் புல்லுக்குள் ஒரு பொறி போதும். நாங்கள் சின்னக் காஸ் அடுப்பில் பிளேன்டீ வைப்பதோடு சரி. கரையில் ஆமை முட்டையிட ஏறுகிற இரவுகளில் நெருப்பும் வெளிச்சமும் இருந்தால் அது திரும்பிவிடும். பொரித்து வெளிவருகிற குஞ்சும் கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தை நோக்கித்தான் ஊரும். இதைத் தெரிந்து செய்பவர்கள் குறைவு, தெரியாமல் செய்பவர்கள்தான் கூட. பதிவு மேசையில் இருப்பவர் ஒரு நிமிடம் எடுத்துச் சொன்னால் பாதிப் பேர் கேட்பார்கள். மற்றப் பாதிக்குத் தண்டம் போடட்டும், நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். நடுச்சாமப் பாட்டுப் பெட்டிக்கும் அப்படியே.

நக்கிள்ஸ் மலையடிவாரத்தில் மீமுரே என்ற கிராமம் இருக்கிறது. அங்கே வீட்டுக்காரர்களே முற்றத்திலும் வயற்கரையிலும் கூடாரம் அடிக்க விடுகிறார்கள். வீட்டுக்கார அம்மா சமைத்த சோற்றையும் பலாக்காய்க் கறியையும் சாப்பிட்டுவிட்டு, அட்டை கடிக்காமல் காலுக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு, அவர்களுடைய மகனையே வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டு மலைப்பக்கம் போனோம். காசு அந்த வீட்டுக்கே போனது. திரியாயிலும் குச்சவெளியிலும் வெருகலிலும் அப்படிச் செய்ய முடியாதா? நமது பெண்கள் இடியப்பமும் புட்டும் சம்பலும் செய்ய மாட்டார்களா, கிண்ணியாத் தயிரும் காட்டுத் தேனும் விற்க மாட்டார்களா? வெளிநாட்டுக்காரருக்கென்று கரையோரம் ஆடம்பரக் கூடாரங்கள் வந்துகொண்டிருக்கின்றன, ஓர் இரவுக் கட்டணம் என் ஒரு கிழமைச் சம்பளத்துக்குக் கிட்ட. வரட்டும், எனக்கு எதிர்ப்பில்லை. ஆனால் அவர்கள் காசு கொடுத்தால் அது சுற்றுலா, நாங்கள் எங்கள் கூடாரத்தோடு போனால் அது பண்பாட்டுச் சீரழிவா?

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. யானைப் பாதையிலும் ஆமைக் கரையிலும் படாத, வீதிக்குக் கிட்டிய ஓர் ஏக்கர் காணி. ஒரு குழாய்க்கிணறு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறாகப் பூட்டுள்ள மலசலகூடம், கரையை நோக்கி எரியாத ஒரு விளக்கு, ஒரு பதிவுப் புத்தகம். அந்த ஊர் மாதர் சங்கத்திடமோ கிராம அபிவிருத்திச் சங்கத்திடமோ பொறுப்பைக் கொடுக்கலாம். உள்ளே போகும்போது போத்தலையும் பொதியையும் எண்ணி முற்பணம் வாங்கட்டும், வெளியே வரும்போது எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கட்டும். உள்ளூர்க்காரருக்குக் கட்டக்கூடிய கட்டணம் வைக்கட்டும். சித்திரை தொடங்கி ஆவணி முடிய ஒரு பருவம் மட்டும் பார்க்கட்டும். சரிவரவில்லை என்றால் மூடிவிடலாம். அப்போது தடையைப் பற்றிக் கதைப்போம்.

பிரதேச சபை உறுப்பினர்களும் கச்சேரி அதிகாரிகளும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறவர்கள். அவர்களில் ஒருவராவது இதைக் கையில் எடுத்தால், அரச காணி எது, தனியார் காணி எது, யானை எங்கே இறங்குகிறது, கிணற்றில் நல்ல தண்ணீர் எங்கே என்று குறித்த வரைபடம் ஒன்றைச் சம்பளம் இல்லாமல் என் ஓய்வு நேரத்தில் கீறித் தர நான் ஆயத்தம். யானைப் பாதையைச் சரியாகக் காட்ட அந்தப் பட்டிக்காரப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு வருவேன். தடை கேட்டு எழுதிய ஐயாவும் கூடவே நடந்து பார்த்து, எந்த இடம் தன் ஊருக்கு இடைஞ்சல் இல்லாதது என்று சொல்லட்டும். அதையும் படத்தில் குறித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
திருக்கடலூர், திருகோணமலை.